விமான டிக்கெட் விற்பனைக்கு ஆலோசகர் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிறுவனங்கள் தங்கள் டிக்கெட்டை எந்த வழியில், எந்த மென்பொருளை வைத்து, என்ன விலைக்கு விற்கலாம் என்று யோசனை சொல்வது என் தொழில். ஏர்லைன் அதிகாரிகள், டிராவல் ஏஜென்டுகள், ஐடி நண்பர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காரும் சொந்தக்காரர்கள் என்று பலரும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் பலதரப்பட்டவர்கள் என்பதால் பதில்களும் ஒரே அளவில் இருக்காது.

ஏர்லைனில் வேலையா? அப்போ டிக்கெட் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்காது. நான் ஏர்லைன் ஊழியன் இல்லை, நானும் முழு விலை கொடுத்துத்தான் பறக்கிறேன். அது ஏன் அந்த விலை என்று எனக்குத் தெரியும், அதனால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

சரி, டிக்கெட் விற்பதற்கு ஆலோசனை எதற்கு? ஆப்பில் போட்டால் விற்றுவிடாதா?

கோயம்பேட்டில் மல்லிகை விற்பவருக்குத் தெரிந்த விஷயம்தான் இது. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை, சாயங்காலம் வாடுவதற்குள் எதற்காவது தள்ளிவிட வேண்டும். விமானக் கதவு மூடிய நிமிடத்தில் காலி இருக்கையின் விலை பூஜ்யம்.

பூக்காரர் தன் கடையில் தானே உட்கார்ந்து விற்கிறார். ஏர்லைனின் இருக்கையோ ஒரே நேரத்தில் அதன் இணையதளத்திலும், திருச்சி ஏஜென்டின் திரையிலும், பெங்களூரு ஐடி கம்பெனியின் பயண மென்பொருளிலும், கூட்டாளி ஏர்லைனின் தளத்திலும் விற்பனைக்கு இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் வேறு செலவு, வேறு ஒப்பந்தம், வேறு தொழில்நுட்பம். இவற்றில் எதை வளர்ப்பது, எதைக் குறைப்பது, எதற்கு என்ன கொடுப்பது என்பதைத்தான் இந்தத் துறையில் டிஸ்ட்ரிபியூஷன் என்கிறோம். இருக்கையோடு பெட்டி, சாப்பாடு, ஜன்னலோரம் எல்லாவற்றையும் ஒரு கடைக்காரர் மாதிரி சேர்த்தும் பிரித்தும் விற்பது ரீடெய்லிங். இரண்டும் இப்போது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஜிடிஎஸ் என்கிறார்களே, அது என்ன?

ஏஜென்ட் அலுவலகத்தில் கறுப்புத் திரையில் கடகடவென்று ஏதோ தட்டுவார்களே, அதற்குப் பின்னால் இருப்பது. அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் என்று மூன்று பெரிய பெயர்கள். உலகத்தின் நூற்றுக்கணக்கான ஏர்லைன்களின் இருக்கை நிலவரமும் கட்டணமும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சேபரின் பிறப்பு 1953-இல் ஒரு விமானத்துக்குள் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐபிஎம் விற்பனை அதிகாரி பிளேர் ஸ்மித்தும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அன்று முன்பதிவு என்றால் சுழலும் அட்டைப் பெட்டியைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து, விமானத்துக்கு ஒரு கார்டு என்று தேடி எடுத்துக் குறி போடுவது. அந்தப் பேச்சில் தொடங்கிய கணினி அமைப்பு 1964-இல் அமெரிக்கா முழுவதும் வேலைக்கு வந்தது, 1976-இல் ஏஜென்டுகளின் மேசைக்குப் போனது. ஐரோப்பாவில் ஏர் ஃபிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் நான்கும் சேர்ந்து 1987-இல் அமேடியஸைத் தொடங்கின.

ஆக, இந்த அமைப்புகளைப் பெற்றவர்களே ஏர்லைன்கள்தான். திரையின் முதல் வரிசையில் சொந்த விமானத்தை வைத்துக்கொண்டு, போட்டியாளரை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிய காலமும் உண்டு. அமெரிக்க அரசு 1984-இல் விதி போட்டு அதைத் தடுத்தது. பிறகு ஏர்லைன்கள் இந்த அமைப்புகளை விற்றுவிட்டன. கை மாறிய அதே பிள்ளைக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோமே என்று இன்று புலம்புகின்றன. பாதிக் கூட்டங்களில் இந்தப் புலம்பலைக் கேட்டபடிதான் என் காபி ஆறுகிறது.

ஜிடிஎஸ்-க்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

ஏர்லைன். ஏஜென்ட் பதிவு செய்யும் ஒவ்வொரு பயணத் துண்டுக்கும் (ஒரு விமானம் ஏறினால் ஒரு துண்டு) ஏர்லைன் கட்டணம் கொடுக்கும். அதில் ஒரு பங்கை ஜிடிஎஸ், தன் திரையைப் பயன்படுத்தியதற்கு ஊக்கத்தொகையாக ஏஜென்டுக்கே தரும். கடை வாடகையைச் சரக்குக்காரர் கட்டி, அதில் பாதி கடைக்காரர் பைக்குப் போவது போன்ற ஏற்பாடு.

"அப்படியானால் எல்லாவற்றையும் எங்கள் இணையதளத்துக்குத் திருப்பிவிட்டால் செலவே இல்லையே" என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. சென்னை–சிங்கப்பூர் போய்வர 24,000 ரூபாய், அதில் வரி, விமான நிலையக் கட்டணம் 5,500 போக ஏர்லைனுக்கு 18,500. ஏஜென்ட் வழியில் ஜிடிஎஸ் கட்டணம் இரண்டு துண்டுக்கு 700, ஏஜென்டுக்கு 3 சதவீதம் என்றால் 555. மொத்தம் 1,255. இப்போது சொந்தத் தளம்: கார்டு கட்டணம் 24,000-க்கு 1.8 சதவீதம், அதாவது 432. தேடுபொறியில் விளம்பரத்துக்குக் கொடுத்ததை விற்ற டிக்கெட்டுகளின் மேல் பிரித்தால் 400. ஆப் பராமரிப்பு, கால் சென்டர் பங்கு 150. மொத்தம் 982.

மிச்சம் 1,255 இல்லை, 273 ரூபாய். அந்த 273-க்காக, கடைசி நேரத்தில் இரட்டிப்பு விலை கொடுக்கும் கம்பெனிப் பயணி ஒருவரை இழந்தால் கணக்கு தலைகீழ். என் ஆலோசனையில் இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்களால் நிரப்பித் தருவதுதான் பெரும்பாலும் முதல் வேலை. பல ஏர்லைன்களில் இந்த எண்கள் மூன்று துறைகளில் மூன்று எக்செல் கோப்புகளாகக் கிடக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

என்டிசி என்றால் என்ன? புதிய ஜிடிஎஸ்-ஸா?

இல்லை. அது கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரு மொழி. ஏர்லைன்களின் உலகச் சங்கமான ஐயாட்டா 2012 அக்டோபரில் அபுதாபியில் 787 என்ற எண்ணுள்ள தீர்மானமாகக் கொண்டுவந்தது, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2014-இல் ஒப்புதல் கொடுத்தது. ஏர்லைனும் விற்பவரும் எடிஃபாக்ட் என்ற பழைய தந்தி பாணிச் செய்திகளை விட்டுவிட்டு, எக்ஸ்எம்எல் என்ற இணைய காலத்து வடிவில் பேசிக்கொள்ளலாம்.

பழைய முறையில் என்ன கஷ்டம்? ஒவ்வொரு கட்டண வகுப்புக்கும் ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துகள் 26 தான். உங்கள் விமானத்தில் ஒரு எழுத்தின் விலை 5,400, அடுத்த எழுத்து 6,100 என்றால், 5,750 கொடுக்கத் தயாராக இருக்கும் பயணிக்குச் சொல்ல இடையில் எழுத்தே இல்லை. ஒன்று 350 ரூபாயை விடுகிறீர்கள், இல்லையென்றால் பயணியை விடுகிறீர்கள். தவிர, விலைப்பட்டியலை ஏட்ப்கோ என்ற பொது நிறுவனத்தில் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும், அங்கிருந்து எல்லா ஜிடிஎஸ்-களும் எடுத்துக்கொள்ளும். என்டிசியில் கேள்வி நேராக ஏர்லைனின் கணினிக்கு வருகிறது. யார் கேட்கிறார், எத்தனை பேர், பெட்டி உண்டா என்று பார்த்து அப்போதே ஒரு விலை சொல்லலாம். படம், இருக்கை வரைபடம், சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் போகும்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? விற்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. விற்ற பிறகு நடப்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஏஜென்டுகள் ஏன் என்டிசி என்றால் முகம் சுளிக்கிறார்கள்?

திருச்சியில் ஒரு ஏஜென்ட் அலுவலகம். கோலாலம்பூருக்கு ஒன்பது பேர், ஒரே குடும்பம், ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே முன்பதிவு எண். கிளம்புவதற்கு முதல் நாள் பெரியவருக்கு உடம்பு முடியவில்லை. அவர் டிக்கெட்டை மட்டும் அடுத்த வாரத்துக்கு மாற்ற வேண்டும். பழைய கறுப்புத் திரையில் ஒருவரைப் பிரித்து எடுக்க இரண்டு வரிக் கட்டளை போதும், ஒரு நிமிட வேலை. இந்த டிக்கெட்டுகள் ஏர்லைனின் புதிய என்டிசி வாசலில் போட்டவை. அங்கே பிரிக்கும் வசதி இல்லை. திரையில் "ஏர்லைனைத் தொடர்புகொள்ளவும்" என்று வந்தது. தொடர்புகொண்டார். நாற்பத்தேழு நிமிடம் பாட்டு கேட்டார். எடுத்தவர், "நீங்கள் ஏஜென்ட், உங்கள் போர்ட்டலிலேயே செய்யுங்கள்" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அந்த ஏர்லைனுக்காக ஆய்வு செய்ய வந்தவன். அவர் ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், விக்கிறதுக்கு ஆயிரம் பட்டன் வெச்சிருக்காங்க. பிரிக்கிறதுக்கு ஒண்ணு இல்ல."

என் அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த வரியைத்தான் போட்டேன். அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் கடைசியிலிருந்துதான் படிக்கிறேன். தேதி மாற்றம், பெயர்த் திருத்தம், பிரித்தல், ரத்து, பணம் திரும்புதல், விமானம் ரத்தானால் மாற்று விமானம். இவை ஓடினால் விற்பனை தானாக வரும். இவை ஓடாமல் விற்பனையை மட்டும் நகர்த்தினால், ஏஜென்ட் பேசாமல் உங்கள் போட்டியாளர் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்துவிடுவார். உங்களிடம் புகார்கூடச் சொல்ல மாட்டார்.

பெரிய ஏர்லைன்கள் இப்படித் தவறு செய்யுமா என்ன?

அமெரிக்கன் ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் தன் கட்டணங்களில் ஒரு பெரும் பகுதியைப் பழைய ஜிடிஎஸ் வழியிலிருந்து எடுத்துவிட்டது. மலிவு விலை வேண்டுமானால் என்டிசி வழியாக வா, இல்லையென்றால் எங்கள் தளத்துக்கு வா என்பது செய்தி. கம்பெனிகளைப் பார்த்துக்கொள்ளும் விற்பனைக் குழுவையும் குறைத்தது. சில ஏஜென்சிகள் வழியாக வாங்கினால் மைல் புள்ளிகள் கிடையாது என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தது.

கம்பெனிப் பயணங்களைக் கையாளும் ஏஜென்சிகள் அதற்குத் தயாராக இல்லை. அவர்களின் செலவுக் கணக்கு மென்பொருள், பயணி எங்கிருக்கிறார் என்று பார்க்கும் பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் பழைய வழியோடு கட்டப்பட்டவை. அவர்கள் டெல்டா, யுனைடெட் பக்கம் திரும்பினார்கள். 2024 மே மாதம் அமெரிக்கன் தன் வருவாய் எதிர்பார்ப்பைக் குறைத்தது. தலைமை வணிக அதிகாரி வாசு ராஜா விலகினார். தலைமைச் செயல் அதிகாரி ராபர்ட் ஐசம் அந்த உத்தி பலன் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, கட்டணங்களைத் திரும்பவும் ஜிடிஎஸ்-இல் வைத்தார். அந்த ஆண்டில் இதனால் போன வருவாய் சுமார் 150 கோடி டாலர் என்பது அவர்களே போட்ட கணக்கு. என்ன நடந்தது என்று பார்க்க பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலுக்கு அடைமழை வேறு யாருக்கோ புயலாக இருக்கும்போதுதான்.

இதில் அவர்கள் யோசனை தவறு என்று நான் நினைக்கவில்லை. நேரம் தவறு, வரிசை தவறு. வாடிக்கையாளர் வீட்டுக்குக் குழாய் போடுவதற்கு முன்பே கிணற்றை மூடிவிட்டார்கள்.

அப்படியானால் லுஃப்தான்சா மட்டும் எப்படித் தப்பியது?

லுஃப்தான்சா குழுமம் 2015 செப்டம்பர் 1 முதல், ஜிடிஎஸ் வழியாகப் போடும் டிக்கெட்டுக்கு 16 யூரோ கூடுதல் கட்டணம் வைத்தது. கூச்சல் பெரிதாக எழுந்தது. ஆனால் டிக்கெட் அங்கேயே கிடைத்தது, விலைதான் கூடியது. பழைய வழி திறந்திருந்தது, அதற்கு ஒரு சுங்கச்சாவடி வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும் 2017-இலும், ஏர் ஃபிரான்ஸ்–கேஎல்எம் 2018-இலும் பின்தொடர்ந்தன.

இன்னொரு விஷயம், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பறக்க வேண்டியவருக்கு லுஃப்தான்சாவை விட்டால் வழி குறைவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மையமான டல்லாஸைத் தவிர்த்துப் பறக்க அமெரிக்கப் பயணிக்கு வழி நிறைய. ஒரே மருந்தை எழுதித் தரும் ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள்: எங்கள் ஊரில் எங்களுக்கு எவ்வளவு பிடிமானம் இருக்கிறது?

எங்களுடையது மலிவுக் கட்டண ஏர்லைன். இந்த ஜிடிஎஸ் பஞ்சாயத்து எங்களுக்கு எதற்கு?

நீங்கள் ஒரு வகையில் முன்னாலேயே போய்விட்டவர்கள். 2003-இல் ஏர் டெக்கான் தொடங்கியபோதே ஜிடிஎஸ்-ஸை நம்பாமல் இணையத்திலும் தொலைபேசியிலும் விற்றது. இண்டிகோவும் பல ஆண்டுகள் ஜிடிஎஸ் பக்கம் அதிகம் போகாமலே நாட்டின் மிகப் பெரிய ஏர்லைன் ஆனது. இந்தியாவில் ஏஜென்ட் முன்பணம் கட்டி, வாலட்டில் வைத்து, ஏர்லைனின் ஏபிஐ (இரண்டு மென்பொருள்களை இணைக்கும் வாசல்) வழியாக நேரடியாக டிக்கெட் எடுக்கும் ஏற்பாடு என்டிசி பற்றி யாரும் பேசாத காலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஆலோசகர்கள் வந்து "நேரடி இணைப்பு" என்று படம் போட்டுக் காட்டும்போது நம்மூர் ஏஜென்ட் கொட்டாவி விடுவதற்குக் காரணம் இதுதான்.

உங்களுக்கு வரும் கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வெளிநாட்டுத் தடம் கூடும்போது, அந்த ஊர் ஏஜென்டுக்கு உங்கள் வாலட்டில் பணம் போட மனம் வராது. அவருக்கு ஜிடிஎஸ் திரையும் டிக்கெட் பணத்தை எல்லா ஏர்லைன்களுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கும் ஐயாட்டாவின் பிஎஸ்பி முறையும்தான் பழக்கம். கூட்டாளி ஏர்லைனோடு ஒரே டிக்கெட்டில் விற்க வேண்டுமென்றால், அவர்கள் பேசும் மொழியை நீங்களும் பேச வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் ஜிடிஎஸ்-இல் கொட்டாமல், எந்த நாட்டில், எந்தத் தடத்தில், எந்த விலைக்கு மேல் என்று வரம்பு போட்டுச் சேர்வது நல்லது. தன் டிக்கெட்டைத் தானே விற்பதையே பெருமையாகச் சொன்ன சவுத்வெஸ்ட்டும் 2020-இல் கம்பெனிப் பயணிகளுக்காக அமேடியஸ், டிராவல்போர்ட் வாசலுக்கு வந்தது.

ஆஃபர்–ஆர்டர் என்று எல்லாக் கருத்தரங்கிலும் பேசுகிறார்களே?

இன்று நீங்கள் ஒரு டிக்கெட் வாங்கினால் பின்னால் மூன்று பதிவுகள் உருவாகின்றன. ஆறு எழுத்துள்ள பிஎன்ஆர், 13 இலக்க எண்ணுள்ள மின்டிக்கெட், பெட்டிக்கோ இருக்கைக்கோ தனியாகக் காசு கட்டியிருந்தால் அதற்கு இன்னொரு ஆவணம். காகித டிக்கெட்டை ஐயாட்டா 2008-இல் நிறுத்திவிட்டது, ஆனால் காகிதத்தின் ஆவி போகவில்லை. பழைய டிக்கெட் புத்தகத்தில் நான்கு கூப்பன் இருந்ததால், இன்றைய மின்டிக்கெட்டிலும் நான்கு பயணத் துண்டுதான். ஐந்தாவது விமானம் ஏறினால் இரண்டாவது டிக்கெட் எண் போட வேண்டும். காகிதமே இல்லை, ஆனாலும் காகிதம் தீர்ந்துவிட்டது.

இந்த மூன்று பதிவும் ஒன்றையொன்று மறக்கும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். சென்னையிலிருந்து தோஹா வழியாக லண்டன் போகும் ஓர் அம்மா. முட்டி வலி, அதனால் கால் நீட்ட இடமுள்ள இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார். முதல் விமானம் தாமதம், அடுத்த விமானம் தவறுகிறது. கணினி அவரைத் தானாக மறுநாள் விமானத்துக்கு மாற்றுகிறது. பிஎன்ஆர் மாறிவிட்டது. இருக்கைக்குக் கட்டிய ஆவணம் மட்டும் பறந்துபோன விமானத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. கவுன்டரில், "உங்களுக்கு நடு இருக்கைதான் வருதும்மா" என்கிறார்கள். அவர் கைப்பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டுகிறார். கவுன்டர் பெண்ணின் திரையில் அந்த ரசீது தெரிவதில்லை. யார் மேலும் தவறில்லை, ஆனால் அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது.

ஆஃபர் என்பது என்டிசியில் பார்த்த மாதிரி, கேட்பவரைப் பார்த்து ஏர்லைன் அப்போதே சொல்லும் விலை. இந்த மூன்று பதிவையும் எடுத்துவிட்டு, கடையில் போடும் ஆர்டர் மாதிரி ஒரே பதிவாக்குவதுதான் ஆர்டர். அமேடியஸ் அதற்கு நெவியோ என்றும், சேபர் மொசைக் என்றும் தயாரிப்புகளைக் கொண்டுவந்திருக்கின்றன. ஃபின்னேர், பிரிட்டிஷ் ஏர்வேஸ், சவுதியா போன்றவை நெவியோவில் கையெழுத்திட்டிருக்கின்றன. திசை சரி. வேகம் பற்றி விற்பனையாளர் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் கூட்டாளி ஏர்லைன் பழைய டிக்கெட்டிலேயே இருக்கும்வரை, நீங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். புது வீடு கட்டி முடியும்வரை பழைய வீட்டு வாடகையும் கட்டுவது போல. வருவாய்க் கணக்குத் துறையை முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்களைக் கடைசியில் கூப்பிட்ட திட்டம் எதுவும் நேரத்துக்கு முடிந்து நான் பார்த்ததில்லை.

பெரிய ஆலோசனை நிறுவனம் பில்லியன் கணக்கில் லாபம் வரும் என்கிறதே?

2019-இல் ஐயாட்டாவும் மெக்கின்சியும் வெளியிட்ட ஆய்வில், புதிய ரீடெய்லிங்கால் 2030-க்குள் ஆண்டுக்கு 40 பில்லியன் டாலர் வரை மதிப்பு உருவாகலாம், ஒரு பயணிக்கு சுமார் 7 டாலர் என்று இருந்தது. "வரை" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உலகம் முழுமைக்குமான எண்ணை உங்கள் பயணிகள் எண்ணிக்கையால் பெருக்கி நிர்வாகக் குழுவுக்குக் காட்டுவது எளிது. அப்படி ஒரு ஸ்லைடு உங்கள் முன் வந்தால், எந்தத் தடத்தில், எந்தப் பொருளை, எந்தப் பயணி கூடுதலாக வாங்குவார் என்று கேளுங்கள். சென்னை–மதுரை ஒரு மணி நேரப் பயணத்தில் ஏழு டாலருக்கு எதை விற்பது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

தனித்தனியாகப் பிரித்து விற்பதற்குச் சட்டத் தடை உண்டா?

இந்தியாவில் தடை இல்லை, வரம்பு உண்டு. இருக்கைத் தேர்வு போன்ற கூடுதல் சேவைகளைப் பயணி தானாக விரும்பிச் சேர்க்க வேண்டும், முன்பே டிக் போட்டு வைக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ இன்னொன்றும் சொன்னது: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும். படிக்கும்போது ஒரு வரி. உங்கள் இருக்கை ஒதுக்கும் மென்பொருளுக்கோ, பணம் கட்டியவர், கட்டாதவர், குழந்தை, பிரிக்கப்பட்ட பிஎன்ஆர் என்று பல நாள் வேலை.

ஆலோசனை எப்படி நடக்கும்? எவ்வளவு நாள்?

பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். முதல் வாரம் தலைமை அலுவலகத்துக்குப் போக மாட்டேன். கால் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு நாள், ஏஜென்ட் அலுவலகங்களில் இரண்டு நாள், விமான நிலைய கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாள். பிறகு இருபது சோதனை டிக்கெட் உண்மையாகவே போடுவோம், ஒவ்வொரு வழியிலும். போட்டு, மாற்றி, பிரித்து, ரத்து செய்து, பணம் எத்தனையாவது நாளில் திரும்புகிறது என்று குறித்துவைப்போம். இதற்கு நிதித்துறை அனுமதி வாங்குவதுதான் முழுத் திட்டத்திலும் கஷ்டமான வேலை.

அதற்குப் பின் செலவுக் கணக்கு, ஒப்பந்தங்களைப் படிப்பது. ஜிடிஎஸ் ஒப்பந்தத்தில் "முழு உள்ளடக்கம்" என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மலிவு விலையைச் சொந்தத் தளத்துக்கு மட்டும் ஒதுக்க முடியாது. முன்பதிவு மென்பொருளுக்கு ஏறிய பயணிக்கு இவ்வளவு என்று கட்டுகிறீர்களா, அது எந்த வருடம் முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இன்னும் நான்கு வருடம் இருக்கும்போது புது மென்பொருள் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கு.

கட்டணம் மொத்தத் தொகையாகத்தான், தவணையில். சேமிப்பில் பங்கு கொடுங்கள் என்று நான் கேட்பதில்லை. சேமிப்பில் பங்கு வாங்கும் ஆலோசகருக்கு ஏஜென்ட் கமிஷனை வெட்டச் சொல்லத் தோன்றும், அடுத்த வருடம் விற்பனை விழும்போது அவர் ஊரில் இருக்க மாட்டார்.

மென்பொருள் நிறுவனத்திடம் கமிஷன் வாங்குவீர்களா?

இல்லை. எந்த ஆலோசகரிடமும் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "கூட்டாளர்" என்று எந்த மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் அவர் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஏஜென்ட் நான். ஏடிஎம் வருகிறது, என்ன செய்வது?

வெளியாருக்கு ஒரு விளக்கம்: இது பணம் கொடுக்கும் ஏடிஎம் இல்லை, பணம் பிடுங்கும் ஏடிஎம். கட்டண விதியை மீறி டிக்கெட் போட்டதாகச் சொல்லி ஏர்லைன் ஏஜென்டிடம் அனுப்பும் பற்றுக் கடிதம், அதாவது ஏஜென்சி டெபிட் மெமோ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது எங்கள் தொழிலின் ஒரே நகைச்சுவை.

உங்களுக்குத் தனியாகச் சொல்ல நான் சரியான ஆள் இல்லை, உங்கள் சங்கத்தைப் பாருங்கள். ஏர்லைனுக்கு நான் சொல்வது வேறு. ஒரே காரணத்துக்காக மாதம் நூறு ஏடிஎம் போனால், தவறு நூறு ஏஜென்டுகளிடம் இல்லை. அந்த விதியைத் திரையில் வருமாறு செய்யுங்கள். ஏடிஎம் வருமானத்தை வரவாகக் காட்டும் துறைக்கு இது கசக்கும்.

டிராவல் ஏஜென்டுகள் இனி இருப்பார்களா?

1995-இல் டெல்டா ஏஜென்ட் கமிஷனுக்கு 50 டாலர் உச்சவரம்பு வைத்தபோதும், 2002-இல் அமெரிக்காவில் அடிப்படைக் கமிஷனே போனபோதும் இதே கேள்வி எழுந்தது. டிக்கெட் மட்டும் போட்டுக் கொடுத்தவர்கள் பலர் காணாமல்போனார்கள். மற்றவர்கள் சேவைக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஜெட்டாவில் மாட்டிக்கொண்டவர் ஆப்பைத் திறப்பதில்லை, ஏஜென்டின் வாட்ஸ்ஆப்பைத்தான் திறக்கிறார்.

ஏஐ எல்லாவற்றையும் மாற்றிவிடாதா?

தேடலின் எண்ணிக்கையை முதலில் மாற்றும். ஒரு டிக்கெட் விற்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேடல்களுக்குப் பதில் சொல்லும் நிலை இப்போதே பல இடங்களில் இருக்கிறது. மனிதர் களைத்துப்போய் நிறுத்துவார்; மென்பொருள் நிறுத்தாது. அந்தக் கணினிச் செலவு யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

உங்களை எப்போது கூப்பிடக் கூடாது?

போன மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது சரிதான் என்று அறிக்கை எழுதித் தர ஆள் தேடும்போது. முன்பதிவு மென்பொருளை மாற்றும் வேலை பாதியில் இருக்கும்போது. அந்த ஆறு மாதம் வேறு எதையும் தொடாதீர்கள். விமானம் ஐந்துக்குக் குறைவாக இருந்து எல்லா டிக்கெட்டும் ஒரே ஊரில் விற்கிறதென்றால் எனக்குக் கொடுக்கும் பணத்தில் கால் சென்டருக்கு இன்னும் நான்கு பேரைச் சேருங்கள், அதில் ஒருவராவது தமிழில் பேசட்டும்.